பதினோரு தொட்டிக் கரி: 1842 சுரங்க அறிக்கையை நாம் வாசிப்பது எப்படி?

எம்.ஏ. தமிழில் மெய்ப்பாடு எட்டு என்று படித்தோம். அணி, யாப்பு, உவமை எல்லாம் படித்தோம். சாட்சி சொல்வதும் ஓர் இலக்கிய வகை என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அதை நான் கற்றுக்கொண்டது போலீஸ் ஸ்டேஷன் வாசலில். வன்கொடுமை வழக்குகளுக்காக நம் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்போம். அந்த அம்மா சொல்லும், ரைட்டர் எழுதுவார். ஒரு மணி நேரம் அழுது, ஏசி, கையை நீட்டிக் காட்டிச் சொன்னது அரைப்பக்கத்தில் முடிந்திருக்கும். வாசித்துக் காட்டச் சொன்னால், "நீ சொன்னதத்தாம்மா எழுதியிருக்கேன், ரேகைய வையி" என்பார். சொன்னதுதான். ஆனால் சொன்ன மாதிரி இல்லை.

சொன்னதுக்கும் எழுதினதுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதிகாரம் அங்கேதான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இடத்தைப் பற்றியது. எடுத்துக்கொண்ட பிரதி நம்முடையதல்ல. 1842 மே மாதம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட, சுரங்கங்களில் வேலைசெய்த பிள்ளைகளையும் இளவயதினரையும் பற்றிய விசாரணைக் கமிஷனின் முதல் அறிக்கை.

இதன் சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து எங்கள் வாசகர் வட்டத்தில் படித்தோம். படித்து முடித்ததும் இரண்டு குரல்கள் வந்தன. "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனைச் சுரண்டினான், நமக்கென்ன?" என்றார் ஒரு தோழர். "பார்த்தீர்களா, சுரண்டலுக்குச் சாதி கிடையாது. நாங்கள் இதைத்தானே அம்பது வருசமா சொல்றோம்" என்றார் இடதுசாரி நண்பர் ஒருவர். இரண்டு பேருமே பிரதியை வாசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். ஒருவர் மூடி வைத்துவிட்டார். இன்னொருவர் திறக்கும் முன்பே முடிவுரை எழுதிவிட்டார்.

1

முதலில் விவரம். 1840இல் ஆஷ்லி பிரபுவின் முயற்சியால் இந்தக் கமிஷன் அமைக்கப்பட்டது. தாமஸ் டூக், டாக்டர் சவுத்வுட் ஸ்மித், லியனார்ட் ஹார்னர், ராபர்ட் சாண்டர்ஸ் என்று நான்கு கமிஷனர்கள். இவர்களுக்குக் கீழே துணைக் கமிஷனர்கள் யார்க்‌ஷயர், லங்காஷயர், ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று பிரிந்துபோய், குழி குழியாக இறங்கி, பிள்ளைகளை நேரில் விசாரித்து எழுதினார்கள். அந்த வாக்குமூலங்கள் இன்றும் அச்சில் இருக்கின்றன.

நிலக்கரி இல்லாமல் நீராவி இல்லை, நீராவி இல்லாமல் ஆலை இல்லை, ரயில் இல்லை. தொழிற்புரட்சி என்று பாடப் புத்தகம் சொல்வதன் அடிக்கட்டு இந்தக் குழிகள். குழிக்குள் பிள்ளைகளுக்கு மூன்று விதமான வேலை. மிகச் சின்னப் பிள்ளைகள் காற்றுக் கதவைத் திறந்து மூடுகிறவர்கள். சுரங்கத்துக்குள் காற்றோட்டம் சரியான வழியில் போவதற்கு அங்கங்கே கதவு போட்டிருப்பார்கள். கரித்தொட்டி வரும்போது கதவைத் திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். மூட மறந்தால் எரியும் வாயு சேர்ந்து மொத்தக் குழியும் வெடித்துவிடும். அத்தனை பேர் உயிரும் அஞ்சு வயசு, ஆறு வயசு, எட்டு வயசுப் பிள்ளை பிடித்திருக்கும் கயிற்றில். பன்னிரண்டு மணி நேரம், இருட்டில், தனியாக.

இன்னும் கொஞ்சம் வளர்ந்தவர்கள் தொட்டி இழுப்பவர்கள். இடுப்பில் பட்டை, பட்டையிலிருந்து கால்களுக்கு நடுவே சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் கரித்தொட்டி. கூரை தாழ்வான இடத்தில் நாலு காலில் தவழ்ந்து இழுக்க வேண்டும். உயரமான இடத்தில் பின்னால் நின்று தலையால் முட்டித் தள்ள வேண்டும். மூன்றாவது, கிழக்கு ஸ்காட்லாந்தில் பெண்களும் சிறுமிகளும் செய்த வேலை. கரியைக் கூடையில் கட்டி, நெற்றியில் வார் மாட்டி, முதுகில் சுமப்பது. ஜேனட் கமிங் என்ற பதினோரு வயதுச் சிறுமி, தான் சுமப்பது பெரும்பாலும் ஒரு ஹண்ட்ரட்வெயிட் என்று சொல்கிறாள். நம் கணக்கில் ஐம்பது கிலோ.

2

பார்ன்ஸ்லி பக்கத்துக் குழி ஒன்றில் சாரா கூடர் என்று எட்டு வயதுப் பிள்ளை. கதவுக்காரப் பிள்ளை. விடியற்காலை நாலு மணிக்கு, சில நாள் மூன்றரைக்கே, குழிக்குள் போவதாகவும் சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கு வெளியே வருவதாகவும் சொல்கிறாள். தூங்குவதே இல்லையாம். வெளிச்சம் இருக்கும்போது சில சமயம் பாடுவாளாம், இருட்டில் பாடத் தைரியம் வராதாம்.

இந்த இடத்தைப் படித்தவர்கள் எல்லோரும் உருகிப்போகிறார்கள். நானும் உருகினேன். ஆனால் விமர்சகன் உருகியதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இந்த வாக்குமூலங்களின் அச்சு வடிவத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் கேள்விகள் இல்லை. பதில்கள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, பிள்ளையே மூச்சுவிடாமல் பேசியது போல. ஆனால் பதிலைப் பார்த்தால் கேள்வி என்னவென்று தெரிந்துவிடும். எத்தனை மணிக்குப் போவாய்? அடிப்பார்களா? படிக்கத் தெரியுமா? ஜெபம் செய்வாயா? ஏசு யார்? பிள்ளை தானாகக் குழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று வேதத்துக்குத் தாவவில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் கேட்கிறார், அவள் சொல்கிறாள். கேட்டவரின் குரலை அழித்துவிட்டதால் பிள்ளையின் பதில் அறியாமையாக மட்டும் நிற்கிறது.

சாராவிடமும் கேட்டிருக்கிறார்கள். ஏசு எதற்காகப் பூமிக்கு வந்தார் என்று தெரியாது, ஏன் செத்தார் என்றும் தெரியாது, ஆனால் அவர் தலைசாய்க்கக் கல்தான் இருந்தது என்று அவள் சொல்கிறாள். அறிக்கை எழுதியவர்களின் கணக்கில் இது மதக்கல்வி இல்லாமைக்கு ஓர் அத்தாட்சி. எனக்கு அப்படிப் படவில்லை. இரட்சிப்பு, பாவமன்னிப்பு எல்லாம் பாதிரியார் சொல்லிக்கொடுக்கும் ஏசு. தலைக்குக் கல் வைத்துப் படுத்தவர், கல்லுக்குள் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தானாகக் கண்டெடுத்த ஏசு. கேள்விப்பட்ட கதை முழுவதிலிருந்தும் தனக்கு உறவான ஒரே ஒரு துண்டை மட்டும் அவள் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பெயர் அறியாமை என்றால், நம் கிழவிகள் சொல்லும் சாமி கதைகளும் அறியாமைதான். பல்கலைக்கழகங்கள் அப்படித்தான் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தன.

3

அடுத்து ஹாலிஃபாக்ஸ் பக்கத்தைச் சேர்ந்த பேஷன்ஸ் கெர்ஷா. வயது பதினேழு. அப்பா செத்து ஒரு வருடம். அம்மாவும் பத்துப் பிள்ளைகளும். பையன்கள் எல்லோரும் சுரங்கத்தில், பெண்களில் மூன்று பேர் ஆலையில். பகல் பள்ளிக்கூடம் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் போனாலும் எழுதப் படிக்க வராது. காலை ஐந்து மணிக்கு இறங்கி மாலை ஐந்து மணிக்கு ஏறுகிறாள். மதியச் சாப்பாட்டை நிற்காமல் நடந்துகொண்டே தின்கிறாள். உச்சந்தலையில் வழுக்கை விழுந்திருப்பது தொட்டியை முட்டித் தள்ளியதால். அந்தக் குழியில் ஏறக்குறைய இருபது பையன்கள், பதினைந்து ஆண்கள் நடுவே அவள் ஒருத்திதான் பெண். வேகம் போதாவிட்டால் கரி வெட்டுகிறவர்கள் முதுகில் அடிப்பார்கள். பையன்கள் கையை வைப்பார்கள். குழிக்குப் பதில் ஆலையில் வேலை கிடைத்தால் தேவலை என்கிறாள்.

நடுவே ஒரு கணக்குச் சொல்கிறாள். தொட்டி ஒவ்வொன்றும் மூன்று ஹண்ட்ரட்வெயிட். போக ஒரு மைலுக்கு மேல், அப்புறம் திரும்பி வர வேண்டும். நாளைக்குப் பதினோரு தொட்டி.

பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு தொட்டி நூற்றைம்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பதினோரு தொட்டி என்றால் ஒன்றரை டன்னுக்கும் மேலே. தூரம் குறைந்தது இருபத்திரண்டு மைல், அதாவது முப்பத்தைந்து கிலோமீட்டர், பூமிக்கு அடியில், ஒவ்வொரு நாளும். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண், தன் உழைப்பின் எடையையும் தூரத்தையும் எண்ணிக்கையையும் ஒரு மூச்சில் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். சுரங்க முதலாளியின் கணக்குப்பிள்ளைகூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த வாக்குமூலத்தை எடுத்த துணைக் கமிஷனர் சாமுவேல் ஸ்க்ரிவன், அதற்குக் கீழே தன் குறிப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறார். இந்தப் பெண் அறிவில்லாதவள், அழுக்குப் பிடித்தவள், கந்தல் கட்டியவள், பார்க்கச் சகிக்காதவள், புல்வெளிகளில் வாழும் நாகரிகமற்ற பழங்குடிகளே இவளைப் பார்த்தால் அதிர்ந்துபோவார்கள் என்பது அந்தக் குறிப்பின் சாரம்.

இந்தக் குறிப்பை நாம் நிதானமாக வாசிக்க வேண்டும். ஸ்க்ரிவன் கெட்டவர் அல்ல. குழிக்குள் இறங்கிப் பார்த்தவர், பிள்ளைகள் பக்கம் நின்று எழுதியவர். அவர் எழுதியதால்தான் பேஷன்ஸ் கெர்ஷா என்ற பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. ஆனால் அவர் இரக்கப்படுவதற்கு முதலில் அவள் ஒரு பொருளாக, அருவருக்கத்தக்க காட்சியாக மாற வேண்டியிருக்கிறது. அதற்கும் கீழே ஒரு படி வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரச் சுரங்கப் பெண்ணின் தாழ்வை அளக்க அமெரிக்கப் பூர்வகுடிகளை அளவுகோலாகக் கொண்டுவந்து வைக்கிறார். ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரை மட்டம் தட்டும் வித்தை இது. படிநிலை என்பது எப்படிப் பேச்சுக்குள் தானாக ஊறி வருகிறது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "பறையன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆக ஒரே பக்கத்தில் இரண்டு பிரதிகள். மேலே அவளுடைய கணக்கு. கீழே அவருடைய பெயரடைகள். மேலே பெயர்ச்சொல்லும் எண்ணும் வினையும். கீழே முழுக்க அடைமொழி. அறிவில்லாதவள் என்று எழுதியவர் அவள் சொன்ன எடையையோ தூரத்தையோ தவறென்று நிரூபிக்கவில்லை. அதை வாங்கித்தான் அறிக்கை எழுதினார். உழைப்பின் அறிவை எடுத்துக்கொண்டு, உழைத்தவளுக்கு அறிவில்லை என்று சான்றிதழ் கொடுப்பது பழைய பழக்கம். நிலத்தின் ஈரம் பார்த்து விதைக்கச் சொன்னவன் கூலிக்காரன், விவசாயி என்று பேர் வாங்கினவன் வேறொருவன் என்பது நம் ஊர்க் கதை.

4

அறிக்கையில் மரச்செதுக்குப் படங்கள் உண்டு. வேலை மிகுந்த உறுப்பினர்கள் அறிக்கையைப் படிக்காமல் போய்விடுவார்கள், படமாவது பார்க்கட்டும் என்று சவுத்வுட் ஸ்மித் யோசித்துச் சேர்த்தவை. யோசனை பலித்தது. சங்கிலியில் தவழும் பிள்ளை, ஒரே கயிற்றில் கால்பின்னித் தொங்கும் பையனும் பெண்ணும், மேலாடை இல்லாத உடம்புகள். பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. இங்கிலாந்து அதிர்ந்தது.

எதைப் பார்த்து அதிர்ந்தது என்பதுதான் கேள்வி. பன்னிரண்டு மணி நேரத்தைப் படம் வரைய முடியாது. மூன்று ஹண்ட்ரட்வெயிட்டை வரைய முடியாது. அம்மணத்தை வரையலாம். அப்புறம் நடந்த விவாதத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டது ஒழுக்கம். ஆணும் பெண்ணும் இருட்டில் அரைநிர்வாணமாகச் சேர்ந்து வேலை செய்தால் குடும்பம் என்னாகும், கற்பு என்னாகும், இப்படி வளர்ந்தவள் எப்படி நல்ல மனைவியாவாள் என்ற கவலை. பேஷன்ஸ் சொன்ன அடியும் கைவைப்பும்கூட அவளுக்கு நடந்த கொடுமையாக அல்லாமல் அவளுடைய ஒழுக்கக் கேடாகவே எண்ணப்பட்டது.

1842 ஆகஸ்டில் சட்டம் வந்தது. பெண்கள் யாரும், பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது. இது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. அந்த வெற்றியின் ஓட்டைகளையும் சொல்ல வேண்டும். ஆஷ்லி கேட்டது பதின்மூன்று வயது. பிரபுக்கள் சபையில், தானே சுரங்க முதலாளியான லண்டன்டெரி பிரபு தலைமையில் எதிர்த்து நின்று, பத்தாகக் குறைத்தார்கள். கதவுக்காரப் பிள்ளையின் வேலை சோர்வானதல்ல, அவன் மரத்தில் உருவம் செதுக்கிக்கொண்டும் காற்றாலை பொம்மை செய்துகொண்டும் குஷியாக இருக்கிறான் என்று முதலாளிகள் தரப்பு வாதிட்டது. (குலத்தொழிலைப் பிள்ளை விளையாட்டாகக் கற்றுக்கொள்கிறது என்று நமக்குச் சொன்னவர்களின் ஞாபகம் வருகிறதா?) நாடு முழுவதற்கும் முதலில் நியமிக்கப்பட்டது ட்ரெமன்ஹீர் என்ற ஒரே ஓர் ஆய்வாளர். ஆய்வாளர்கள் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கும் அதிகாரம் 1850 சட்டத்தில்தான் வந்தது.

பெண்களை வெளியே அனுப்பினார்கள். கூலி போனதற்கு ஈடு எதுவும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் குழிவாயிலில், மேலே, கரி பிரிக்கும் வேலையில் பெண்கள் இருந்தார்கள். 1887இல் அந்த வேலையிலிருந்தும் அவர்களை நீக்கப் பேச்சு எழுந்தபோது, லங்காஷயர் பெண்கள் வேலை உடையோடு லண்டனுக்குப் போய் உள்துறை மந்திரியைச் சந்தித்து, எங்கள் வேலையில் கைவைக்காதீர்கள் என்று சொன்னார்கள். காப்பாற்ற வந்தவர்கள் காப்பாற்றப்படுகிறவர்களிடம் கேட்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்த ஒழுக்கத்துக்கு விலை உண்டு என்பது இந்தியாவில் தெரிந்தது. ராணிகஞ்ச், ஜாரியா சுரங்கங்களில் பௌரிகளும் சந்தால்களும் குடும்பமாக இறங்கி வேலை செய்தார்கள். பௌரிகள் தீண்டப்படாத சாதி. பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து படிப்படியாக நீக்க 1929இல் விதி போட்டது அதே ஆங்கில அரசு. யுத்தத்துக்குக் கரி வேண்டியிருந்ததும் 1943இல் தடையைத் தூக்கிவிட்டுப் பெண்களை மறுபடி இறக்கியது. 1946இல் மறுபடி தடை. கற்பும் நாகரிகமும் கரி விலையைப் பொறுத்து ஏறி இறங்கும் சரக்கு.

5

இலக்கியம் என்ன செய்தது? 1843 ஆகஸ்டில் பிளாக்வுட்ஸ் இதழில் எலிசபெத் பாரெட்டின் 'பிள்ளைகளின் அழுகுரல்' என்ற கவிதை வெளிவந்தது. இதே கமிஷனில் துணைக் கமிஷனராக இருந்த ஆர்.எச். ஹார்ன் என்ற கவிஞர் அவருடைய நண்பர். அறிக்கையின் பாதிப்பில் எழுந்த கவிதை அது. மனசாட்சியைத் தொட்டது, புகழ்பெற்றது, பயன்பட்டது. இதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாரெட் குடும்பத்தின் சொத்து ஜமைக்கா அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்தது என்பதையும், அவரே பின்னாளில் அடிமைமுறைக்கு எதிராகக் கவிதை எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் பிரச்சனை வேறு. அந்தக் கவிதையில் பிள்ளைகள் கூட்டமாக அழுகிறார்கள், கூட்டமாகப் பேசுகிறார்கள். யாருக்கும் பேர் இல்லை. களைப்பைப் பாடுகிறார்கள், சாவை விரும்புகிறார்கள், கேட்பவர் நெஞ்சு பிளக்கிறது. அறிக்கையில் உள்ள பிள்ளைகளுக்குப் பேர் இருக்கிறது, வயது இருக்கிறது, அண்ணன் தம்பி இருக்கிறார்கள், மணி இருக்கிறது, எடை இருக்கிறது. சாரா சாவை விரும்பவில்லை. குழியைவிடப் பள்ளிக்கூடம் எவ்வளவோ மேல் என்கிறாள். பேஷன்ஸ் ஆலையே மேல் என்கிறாள். இவர்கள் கேட்டது கண்ணீர் அல்ல, வேறு வேலை, வேறு இடம். கோரிக்கையை அழுகையாக மொழிபெயர்ப்பதுதான் மேட்டுக்குடி மனிதாபிமான இலக்கியத்தின் அடிப்படை வேலை. நம்மைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட 'சேரிக் கதை'களை நினைத்துப் பாருங்கள். அழுதுகொண்டே இருப்போம், பேர் இருக்காது, இருந்தாலும் கணக்குக் கேட்க மாட்டோம். பாமாவின் 'சங்கதி' (1994) வந்தபோதுதான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் மைக்கண்ணி பேரோடும் வாயோடும் வந்தாள்.

எங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றி எழுதிய நூலில் இந்த அறிக்கையைத் தாராளமாகப் பயன்படுத்தினார். அவருக்கு எண்கள் முக்கியம் என்று தெரிந்திருந்தது. கதவுக்காரப் பிள்ளையாகப் பத்து வயதில் குழிக்குள் போன தாமஸ் பர்ட் 1874இல் பாராளுமன்ற உறுப்பினரானார், தன் வரலாறும் எழுதினார். அதே மாதிரி பத்து வயதில் ஸ்காட்லாந்துச் சுரங்கத்தில் கதவு திறந்த கெய்ர் ஹார்டி 1892இல் பாராளுமன்றம் போனார். எட்வர்ட் ரைமர் 1898இல் தன் சுரங்க வாழ்க்கையை அச்சில் கொண்டுவந்தார். மூன்று பேரும் ஆண்கள். சாராக்களும் பேஷன்ஸ்களும் அறிக்கையில் அந்த அரைப்பக்கத்தோடு நின்றுவிட்டார்கள்.

6

இடதுசாரி நண்பருக்கு இப்போது வருகிறேன். சுரண்டலுக்குச் சாதி கிடையாது என்றீர்கள். ஸ்காட்லாந்து வரலாற்றைப் புரட்டுவோம். 1606இல் ஒரு சட்டம், சுரங்கத் தொழிலாளியும் உப்பளத் தொழிலாளியும் எஜமானின் அனுமதி இல்லாமல் வேறிடம் போகக் கூடாது என்று கட்டியது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் செய்யும்போது எஜமான் தகப்பனுக்கு ஒரு முன்பணம் கொடுப்பான். வாங்கினால் அந்தப் பிள்ளையும் குழிக்குக் கட்டுப்பட்டது. 1701இல் காரணமில்லாமல் சிறைவைப்பதற்கு எதிராகச் சட்டம் போட்டபோது, இது சுரங்கத் தொழிலாளிக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் பொருந்தாது என்று விலக்கு வைத்தார்கள். 1775இல் ஒரு சட்டம், அது போதாமல் 1799இல் இன்னொன்று. அதற்குப் பிறகுதான் முழு விடுதலை. 1842இல் ஜேனட் கமிங் முதுகில் சுமந்தது ஐம்பது கிலோ கரியை மட்டுமல்ல. அவளுடைய பாட்டன் தலைமுறை வரை பிறப்பாலேயே குழிக்குச் சொந்தம். சுரண்டலுக்குப் பிறப்பும் ஓர் ஆயுதம் என்று ஐரோப்பாவே சாட்சி சொல்கிறது.

"நமக்கென்ன" என்ற தோழருக்கும் இதுவே பதில். ஆனால் இங்கே அவசரப்பட்டு இரண்டும் ஒன்று என்றும் சொல்லிவிடக் கூடாது. 1799இல் சட்டம் மாறியது, கட்டு அறுந்தது. அந்தத் தொழிலாளியின் பேரன் வேறு ஊருக்குப் போனால் வேறு மனிதன். அவன் தொட்ட தண்ணீர் தீட்டல்ல. அவனைக் குழிக்குள் போட்டது எஜமானின் லாபமும் பாராளுமன்றத்தின் சட்டமும், வேதமும் ஸ்மிருதியும் அல்ல. நமக்கு 1950இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. சட்டம் மாறியும் கட்டு அறுபடவில்லை, ஊர் மாறினாலும் கூடவே வருகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் வேலைப் பிரிவினை என்ற சமாதானத்தை உடைக்கும்போது காட்டினார். உறவையும் பார்க்க வேண்டும், வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்ப்பது வாசிப்பல்ல, கோஷம்.

7

யார்க்‌ஷயரில் சில்க்ஸ்டோன் என்ற ஊர் மாதா கோவில் வளாகத்தில் 1841இல் வைத்த ஒரு கல் உண்டு. 1838 ஜூலை 4 அன்று பெருமழை. ஹஸ்கர் குழியின் நீராவி எந்திரம் நின்றுவிட்டது. மேலே ஏற்றிவிட வழியில்லை. பயந்துபோன பிள்ளைகள் காற்றுக்காகத் தோண்டிய சாய்வு வழியாக வெளியேறப் பார்த்தார்கள். ஓடை உடைத்துக்கொண்டு அதே வழியாக உள்ளே பாய்ந்தது. வெள்ளம் பிள்ளைகளைக் காற்றுக் கதவின்மேல் அடித்துத் தள்ளியது. இருபத்தாறு பேர் செத்தார்கள். பதினைந்து பையன்கள், பதினோரு பெண்கள். மிகச் சின்னது ஏழு வயது, மூத்தது பதினேழு. பிள்ளைகள் திறந்து மூடிக் காத்துக்கொண்டிருந்த அதே மாதிரிக் கதவு.

கல்லில் இருபத்தாறு பேருடைய பெயரும் வயதும் செதுக்கியிருக்கிறது. அந்த மட்டில் நல்லது. ஆனால் நடந்ததைச் சர்வவல்லவரின் பயங்கரமான வருகை என்று கல் சொல்கிறது. குழி யாருடையது, ஏழு வயதுப் பிள்ளை அங்கே என்ன செய்துகொண்டிருந்தது, அவசரத்துக்கு இன்னொரு வழி ஏன் பாதுகாப்பாக இல்லை என்பதற்குக் கல்லில் இடமில்லை. கடவுள் செயல் என்றால் கணக்குக் கேட்க முடியாதல்லவா? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு நாற்பத்து நாலு பேர் எரிந்ததற்கு முதலாளிகள் பொறுப்பில்லை என்று உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தபோது கடவுளைக்கூட இழுக்கவில்லை. பெரிய மனிதர்கள் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்பதே போதுமானதாக இருந்தது. சாவின் பெயரை எழுதுகிறவன் யார் என்பது எல்லா ஊரிலும் கேள்விதான்.

8

கடைசியாக என் கதை. இதைச் சொல்லாமல் ஸ்க்ரிவனை விமர்சித்துவிட்டுப் போனால் நான் யோக்கியனல்ல.

சில வருடங்களுக்கு முன் செங்கல் சூளைகளில் வேலைசெய்யும் பிள்ளைகளைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தோம். நோட்டும் பேனாவும் நான்தான். ஒரு சூளையில் பத்து வயதுப் பெண் பிள்ளை, நம் ஜனம்தான், பச்சைக்கல் புரட்டிப் போடுகிற வேலை. எத்தனை மணிக்கு எழுந்திருப்பே, அடிப்பாங்களா, பள்ளிக்கூடம் போனியா என்று நானும் கேட்டேன். பதில் சொன்னாள். எழுந்து கிளம்பும்போது அவளாகவே ஒன்று சொன்னாள். "அண்ணே, மேஸ்திரி கணக்குல நூறு கல்லு கொறஞ்சிது. எங்கப்பாவுக்குத் தெரியல. நாந்தான் எண்ணிப் பாத்துச் சொன்னேன். அப்பறம் குடுத்துட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நோட்டில் அதையும் எழுதினேன். அறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த வரியை அடித்துவிட்டேன். கையில் கொப்புளம், முதுகில் வெயில், பள்ளிக்கூடம் பார்த்ததில்லை என்பது வரை வைத்தேன். 'எழுத்தறிவற்ற பச்சிளம் கொத்தடிமை' என்று நானே ஒரு அடைமொழியும் போட்டேன். மேஸ்திரியின் கணக்கைப் பிடித்த பிள்ளை அந்த அடைமொழிக்குள் அடங்கவில்லை. நன்கொடை கொடுக்கிறவர்களும் கலெக்டரும் படிக்கிற அறிக்கையில் அவள் சிரிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. கேள்விகளையும் அழித்தேன். நான் அங்கே இருந்ததே அச்சில் தெரியாது.

நானும் தலித். அவளும் தலித். அதனால் மட்டும் என் பேனா சுத்தமாகிவிடாது என்பதை 1842 அறிக்கை எனக்குக் காட்டியது. சாட்சியை எழுதுகிறவன் யாராக இருந்தாலும் அவன் உட்காரும் நாற்காலி ரைட்டரின் நாற்காலிதான். நம் இதழ்களில் இன்று வாக்குமூலங்கள் நிறைய வருகின்றன. வர வேண்டும். ஆனால் கேள்வியையும் அச்சில் போடுவோம். பேர் போட்டால் ஆபத்து என்றால் மாற்றுப் பேராவது வைப்போம், 'ஒரு தாழ்த்தப்பட்ட சிறுமி' என்று எழுத வேண்டாம். அடைமொழியை அடிப்போம், அவர்கள் சொன்ன எண்ணை அடிக்காமல் இருப்போம். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம். "நான் இப்படிச் சொல்லலண்ணே" என்று சொன்னால் திருத்துவோம். இலக்கியக் கோட்பாடு என்று பெரிதாகப் பேர் வைக்க வேண்டாம், குறைந்தபட்ச நேர்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

மேகாலயாவில் எலி வளைபோலத் தோண்டும் நிலக்கரிக் குழிகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடைசெய்தது. அந்த வளைகள் சிறிய உடம்புகளைக் கேட்பவை, அதில் பிள்ளைகளும் இறங்கினார்கள். தடைக்குப் பிறகும் 2018 டிசம்பரில் அங்கே ஒரு குழியில் வெள்ளம் புகுந்து பதினைந்து பேர் சிக்கிக்கொண்டார்கள். ஹஸ்கரில் பாய்ந்த தண்ணீருக்கும் இதற்கும் நூற்றியெண்பது வருடம். அறிக்கைகள் இன்னும் எழுதப்படும். எழுதப் போகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள்.

அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பேஷன்ஸ் கெர்ஷா பதினோரு தொட்டி என்று சொன்னாள். சூளைப் பிள்ளை நூறு கல் என்று சொன்னாள். அடித்துவிட்ட அந்த வரியை இங்கே திருப்பி எழுதிவிட்டேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் போய் வாசித்துக் காட்ட வேண்டும்.